1,499 ரூபாய் அப்பா வகுப்பு: மூன்று கிலோ அரிசியும் ஒரு தேங்காயும்

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை, மோட்டாரின் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகிவிட்டது என்று நாள் முழுக்க வரும் போன்களை எடுப்பது என் வேலை. பதின்மூன்று வருடம் அடுத்தவர் கோபத்தைக் கேட்டதில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதை வாங்கினாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்று முதலில் கேட்பேன். கடைக்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது.

இந்த வருடம் நானே ஒரு சேவைக்கு வாடிக்கையாளன் ஆனேன். முதல் முறை அப்பா ஆகிறவர்களுக்கான இணையவழி வகுப்பு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை ஜூமில் பாடம், கூடவே ஒரு வாட்ஸ்அப் குழு. கட்டணம் 1,499 ரூபாய். நடத்துகிறவர்கள் சின்னக் கூட்டம்தான். ஒரு குழந்தை மருத்துவர், பிரசவ வார்டில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஒரு செவிலியர், லிங்க் அனுப்பவும் பணம் வசூலிக்கவும் இரண்டு பையன்கள். பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், ஆனால் பெயர் போட்டுத் திட்டுகிற அளவுக்கு அவர்கள் எனக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. இது மாதிரி ஒன்றில் சேர நினைக்கிறவர்கள் எதைப் பார்த்துச் சேரலாம் என்று தெரிந்தால் போதும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கோவையில். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஞாயிறு காலை அங்கே போய் இறங்கி, அன்று ராத்திரியே திரும்பி ஏறுவது மாதம் இரண்டு முறை நடந்தது. மற்ற நாளெல்லாம் வீடியோ காலில் வயிற்றைப் பார்ப்பதுதான். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் இந்த வகுப்பின் விளம்பரத்தை அனுப்பினார். சும்மா இருக்கிற நேரத்துக்கு ஏதாவது கற்றுக்கொள்வோமே என்று பணத்தைக் கட்டினேன்.

முதல் வகுப்பில் 34 பேர். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர் முதல் அரை மணி நேரம் ஆங்கில ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு பேசியதில் எனக்கு ஒன்றும் நிற்கவில்லை. அப்புறம் சிஸ்டர் வந்தார். அந்தச் செவிலியரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். வந்ததும் கேட்டார்: "மூணு கிலோ அரிசி கட்டி வெச்சிருக்கீங்களா எல்லாரும்?"

முந்தின நாளே குழுவில் செய்தி போட்டிருந்தார். மூன்று கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் தளர்வாகக் கட்ட வேண்டும். அதன் தலைப்பக்கம் ஒரு தேங்காய். தேங்காயைப் பையோடு சேர்த்துக் கட்டக் கூடாது, ஒரு துண்டில் இரண்டையும் சும்மா சுற்றி வைக்க வேண்டும். இதுதான் பிள்ளை. இதைத் தரையிலிருந்து தூக்கி, இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி, தோளில் போட்டு, திரும்பக் கீழே படுக்க வைக்க வேண்டும். தேங்காய் உருண்டால் கழுத்தை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சிரிப்பாக இருந்தது, கையில் எடுக்கும் வரைக்கும். அரிசி ஒரு பக்கம் சரிகிறது, தேங்காய் இன்னொரு பக்கம் போகிறது. உள்ளங்கையை விரித்துத் தேங்காய்க்கு அடியில் கொடுத்து, முன்கையில் பையைத் தாங்கி, மற்ற கையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோனால்தான் நிற்கிறது. எனக்கு மூன்று முறை உருண்டது. ஈரோட்டுக்காரர் ஒருவருடைய தேங்காய் உடைந்தே போனது, "சட்னிக்கு ஆச்சு" என்று பின்னால் யாரோ சொன்னது மைக்கில் கேட்டது. மகள் பிறந்து அரை மணி நேரத்தில் ஒரு நர்ஸ் அவளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது, கை தானாகவே விரிந்து கழுத்துக்கு அடியில் போனது. அந்த ஒரு பாடத்துக்கே பாதிப் பணம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

சிஸ்டர் சொல்லித் தந்ததெல்லாம் இப்படித்தான், கையில் ஒட்டிக்கொள்ளும். முக்கோணத் துணியைக் கட்டும்போது தொப்புள்கொடி துணிக்கு வெளியே, மேலே இருக்கும்படி மடிக்க வேண்டும், அதன் மேல் எண்ணெயோ பவுடரோ எதுவும் போடக் கூடாது, காய்ந்து தானாக விழும். பிறந்த சில நாளில் எடை பத்து சதவீதம் வரைக்கும் குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பால் போதுகிறதா இல்லையா என்று அம்மாவைக் குடையாதீர்கள், ஈரத் துணியை எண்ணுங்கள்: முதல் வாரம் முடியும்போது ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். எண்ணுவது அப்பாவின் வேலை. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. சர்வீஸ் ரிப்போர்ட் எழுதுகிறவனிடம் எண்ணச் சொன்னால் விடுவானா? ஒரு நோட்டு போட்டேன்.

இரண்டாவது வகுப்பு நான் மாமனார் வீட்டில் இருந்தபோது வந்தது. ஹெட்போன் கொண்டுபோகவில்லை. ஹாலில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். எதிரே நாற்காலியில் மாமா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய பாடம் தாய்ப்பால். சீம்பால் எப்படி இருக்கும், பிள்ளை காம்பை மட்டும் கவ்வாமல் கறுப்பு வட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும் என்று சிஸ்டர் கணீரென்று தொடங்கினார். நான் சத்தத்தைக் குறைக்கிற பட்டனைத் தேடுவதற்குள் மாமா எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "பால்கோவா வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். இரவு எட்டேகால் மணி. வீட்டில் ஏற்கெனவே அரை கிலோ இருந்தது.

இங்கேதான் இந்த வகுப்பின் பெரிய ஓட்டை. ஸ்லைடில் வரும் படங்களில் ஒரு சோபா, அதில் கணவன், மனைவி, நடுவில் குழந்தை. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து துணி மாற்றுவார், மனைவி தூங்குவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் தலைப்பிரசவம் என்றால் அம்மா வீடு. பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் அனுப்புவார்கள். அதுவரைக்கும் அப்பா என்பவர் வாரக்கடைசியில் பழப்பையோடு வருகிற விருந்தாளி. நான் கேட்டேன்: "இதையெல்லாம் நாங்க எந்த வீட்ல செய்யறது?" மருத்துவர் சிரித்தார். சிஸ்டர், மனைவி அம்மா வீட்டில் இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். 21 பேர்.

வெளிநாட்டு அப்பாக்கள் பேசிக்கொள்கிற இடங்களையும் அதற்கு முன்பே கொஞ்சம் மேய்ந்திருந்தேன். ரெடிட் இணையதளத்தில் டாடிட் என்று அப்பாக்களுக்கான ஒரு குழு இருக்கிறது, நல்ல மனிதர்கள், கிண்டல் செய்யாமல் பதில் சொல்கிறார்கள். ஆனால் அங்கே பிரச்சினை, உதவிக்கு ஒரு ஆளும் இல்லை என்பது. நமக்கோ ஆறு பேர் இருக்கிறார்கள், பிள்ளை நம் கைக்கு வருவதற்குள் அழுகை நின்றுவிடுகிறது. அவர்கள் அறிவுரை நமக்குச் சேராது.

சிஸ்டர் அன்று சொன்ன பதில் எந்த ஸ்லைடிலும் இல்லை. "மாமியார் வீட்ல போய் சாப்பிட்டுட்டுப் படுக்காதீங்க. ஒரு வேலையப் புடிங்க. துணி அலசுறது உங்களுதுன்னு சொல்லிடுங்க." சரி என்று நானும் பிள்ளை பிறந்த பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அத்தை ஓடி வந்தார். "ஐயோ மாப்பிள்ளை, என்ன இது! கீழ வைங்க. தெருவுல யாராவது பாத்தா எங்களைத்தான் கேப்பாங்க." பக்கெட்டின் ஒரு பக்கம் அவர் கை, மறுபக்கம் என் கை. கடைசியில் ஒரு சமாதானம் ஆனது: துணியை அத்தை அலசுவார், மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் நான் காயப்போடுவேன். மாடி என்றால் தெருவுக்குத் தெரியும்தானே என்று நான் கேட்கவில்லை.

குளியல் விஷயம் இன்னும் சிக்கல். தினமும் காலையில் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் வருவார். மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் கணுக்கால் மேல் குப்புறப் போட்டு, பதமான வெந்நீரை ஊற்றுகிற அழகை நான் மணிக்கணக்கில் பார்ப்பேன். அந்தக் கைக்கு இருக்கிற நிதானம் எந்த வகுப்பிலும் வராது. ஆனால் முடிந்ததும் காதிலும் மூக்கிலும் ஒரு சொட்டு எண்ணெய், அப்புறம் கூடை கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை, அப்புறம் வசம்பு மாதிரிச் சரக்குகளைச் சந்தனக் கல்லில் இழைத்த உரைமருந்து. இதில் மூன்றுமே வேண்டாம் என்று வகுப்பில் மருத்துவர் பட்டியல் போட்டுச் சொல்லியிருந்தார். மாமியார் வீட்டில் அந்தப் பட்டியலை யார் வாசிப்பது? நானா?

குழுவில் எழுதினேன். அன்று மதியமே சிஸ்டர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார், அத்தைக்கு. "அக்கா, நான் பிரசவ வார்டுல முப்பது வருஷம் இருந்தவ" என்று தொடங்கி ஒரு நிமிடம் நாற்பது வினாடி. நீங்கள் செய்வது தப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை. குளிப்பாட்டுகிற பாட்டியின் கையைப் பாராட்டிவிட்டு, மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சளியாகி வந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பதைச் சொன்னார். சாம்பிராணியை ஹாலில் போடுங்கள், பிள்ளையை உள்ளறையில் வையுங்கள் என்றார். வசம்பைப் பற்றிச் சொல்லும்போது வசம்பு என்றே சொல்லவில்லை, ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற மாதிரி "பேர் சொல்லாதது" என்றார். அத்தை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அதைக் கையில் வளையலாகக் கட்டுங்கள், உள்ளே கொடுக்க வேண்டாம், ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது முடிகிற வரைக்கும் நாக்கில் படவே கூடாது, அதில் பிள்ளைக் குடலில் வளர்ந்து விஷமாகிற கிருமி இருக்கலாம். அத்தை இரண்டு முறை போட்டுக் கேட்டார். "யாரு இந்தம்மா? நம்ம பக்கத்து ஆளு மாதிரி பேசுதே." மறுநாளிலிருந்து எண்ணெய் நின்றது. உரைமருந்து நின்றதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, நான் கோவைக்கு வந்துவிட்டேன்.

தூளி விஷயத்தில் மருத்துவர் கறார்: கெட்டியான சமதளம், மல்லாக்கப் படுக்கை, தலையணை கூடாது. நீளத் துணியில் பிள்ளை சுருண்டு தாடை நெஞ்சில் பட்டால் மூச்சுக்குத் தடை என்பது காரணம். எங்கள் வீட்டில் பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது தூளி, ராத்திரி பாய் என்று முடிந்தது.

வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். பகலில் அதைத் திறக்கவே வேண்டாம். காலை வணக்கம், ரோஜாப்பூ, யாரோ ஒருவருடைய மியூச்சுவல் ஃபண்ட் யோசனை. பத்து மணிக்கு மேல்தான் அது வேறு குழு. "முழிச்சிருக்கிறவங்க யாரு?" என்று ஒரு செய்தி வரும், நாலைந்து கட்டைவிரல்கள் முளைக்கும். ஒருவர் வளைகுடாவில் வேலை செய்பவர், பிள்ளையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. இன்னொருவர் லாரி ஓட்டுகிறவர், நிறுத்திய இடத்திலிருந்து எழுதுவார்.

என் மகள் 37 வாரத்தில் பிறந்தாள், 2 கிலோ 700. நான்காம் நாள் நான் கோவையில். எங்கள் கம்பெனியில் கிடைத்த விடுப்பு மொத்தம் ஐந்து நாள், அதில் முதல் இரண்டை எடுத்துவிட்டு மூன்றைப் பெயர் சூட்டுவதற்கு என்று வைத்திருந்தேன். மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள் உண்டு. தனியாரில் அம்மாவுக்குச் சட்டப்படி 26 வாரம், அப்பாவுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை, முதலாளி கொடுத்தால் உண்டு. அன்று ராத்திரி வீடியோ காலில் பிள்ளை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தாள். டியூப்லைட் வெளிச்சம் என்றாள் மனைவி. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்றார் அத்தை. இரண்டே முக்காலுக்கு எனக்குத் தூக்கம் வராமல் குழுவில் எழுதினேன்.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் உடனே பதில் போட்டார். போனில் நிறம் தெரியாது. விடிந்ததும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், நெற்றி, நெஞ்சு, தொடை, பாதம் என்று ஒவ்வொரு இடமாக விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். பாதம் வரைக்கும் வந்திருந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐந்து ஐம்பதுக்கு சிஸ்டர் எழுந்து பார்த்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "வெயில் பத்தாது, இன்னைக்கே காட்டுங்க." மனைவி அழுத்திப் பார்த்தாள். முழங்காலைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், இந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் 17க்கு மேல். கண்ணை மூடிக் கட்டி, ஒன்றரை நாள் நீல விளக்கின் கீழே வைத்தார்கள். அந்த வெளிச்சம் பட்டால் தோலில் இருக்கிற பிலிருபின் தண்ணீரில் கரைகிற வடிவத்துக்கு மாறி வெளியேறிவிடும் என்று நான் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த டாக்டர் விளக்கினார். மீதி மூன்று நாள் விடுப்பு அந்த வராந்தாவில் தீர்ந்தது.

1,499 ரூபாயில் மீதிப் பாதி இதற்கு.

இனி குறைகள். நான்காவது வகுப்பில் "சிறப்பு விருந்தினர்" என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இருபது நிமிடம் பேசின பிறகுதான் தெரிந்தது, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கிற ஒரு கம்பெனியின் ஏஜென்ட். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஏதாவது வந்தால் என்று முதல் முறை அப்பா ஆகப் போகிறவனிடம் பயம் காட்டிப் பணம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையின் சொந்த உபயோகத்துக்கு என்று அந்த ரத்தத்தைக் காசு கொடுத்துச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதைக் குழுவில் போட்டேன். மருத்துவர் ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டார். இதே குழுவில் ஒருவர் பால்பவுடர் தள்ளுபடி லிங்க் போட்டபோது, 1992ஆம் வருடச் சட்டப்படி இதை விளம்பரம் செய்யவே கூடாது என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் அழித்தார்கள். அதில் இருந்த கறார் இதில் இல்லை.

பதிவு செய்த வகுப்புகளை 30 நாள்தான் பார்க்க முடியும். இதை யார் யோசித்தார்கள் என்று தெரியவில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எடுக்கிற பாடம் பிள்ளை பிறந்த பிறகுதானே தேவைப்படும்? ஏப்பம் எடுப்பது எப்படி என்று பார்க்க நான் திறந்த அன்று பூட்டியிருந்தது. புகார் எழுதினேன். ஒன்பதாம் நாள் "டியர் மெம்பர்" என்று ஒரு ஆங்கில மெயில். எங்கள் கம்பெனியில் 48 மணி நேரத்துக்குள் ஆள் பேசாவிட்டால் டிக்கெட் என் மேனேஜர் மேசைக்குப் போய்விடும். ராத்திரி ஐந்தாறு அப்பாக்கள் இலவசமாக நொடியில் பதில் சொல்கிற இடத்தில் காசு வாங்கினவர்கள் ஒன்பது நாள் எடுத்தார்கள்.

ஐந்தாவது வகுப்புக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள். தலைப்பு அப்பாவின் மனம். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் வேறு வேலை இல்லாததால்தான் போனேன். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு அம்மாவுக்கு மட்டும் வருவதில்லை. 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த கட்டுரை, சுமார் பத்தில் ஒரு அப்பாவுக்கு அது வருவதாகச் சொன்னது. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள், 1987இல் அம்மாக்களுக்காகச் செய்தது, இப்போது அப்பாக்களுக்கும் கேட்கிறார்கள். அதைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார்கள். அப்போது என் மதிப்பெண் சின்னதாக இருந்தது, அது கூடினால் சோர்வு கூடுகிறது என்று அர்த்தம். பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆனபோது மறுபடி எடுத்து நிரப்பினேன். ஏனென்றால் அந்த வாரம் பொங்கலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம், மூன்றாவது முறை காயில் கருகிவிட்டது என்று சொன்னதற்கு, போனில் கத்திவிட்டேன். பதின்மூன்று வருடத்தில் முதல் முறை. அறையில் தனியாக இருப்பது, சாப்பாடு பிடிக்காதது, வீடியோ காலில் பிள்ளை என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து இருந்திருக்கும். மதிப்பெண் பெரிதாக வந்தது. வகுப்பில் கொடுத்த டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416, அரசுடையது, இலவசம், எந்த நேரமும். ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசினார்கள், அவசரப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் இருந்த பெண் முதலில் கேட்டது, சாப்பிட்டீர்களா என்று. போன் எடுக்கிற வேலையில் அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. நான் இப்போது அதைத் திருடிப் பயன்படுத்துகிறேன்.

காசு இல்லாமல் கிடைப்பவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வகுப்பில் இவற்றைப் பற்றி மூச்சே இல்லை. பதிவு, சான்றிதழ் அலைச்சல் எல்லாம் நம் ஊரில் அப்பாவின் தலையில்தான். கர்ப்பம் பதிவானதும் தருகிற பிக்மி எண்ணைப் பத்திரமாக வையுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்று பதறாதீர்கள், ஒரு வருடம் வரைக்கும் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். உடல்நலச் சந்தேகத்துக்கு 104. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102, இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதி உள்ளவர்களுக்கு 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்த லாரிக்காரர்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தாய் சேய் நல அட்டை. கவர் கிழிந்து, பால் வாடை ஏறி, பெட்டியில் கிடக்கிற அந்த அட்டையை அப்பாக்கள் யாரும் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. திறந்து பாருங்கள். பெண் பிள்ளைக்குத் தனி, ஆண் பிள்ளைக்குத் தனி வளர்ச்சிக் கோடுகள். ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு மேலே போக வேண்டும், படுக்கக் கூடாது. மோட்டாருக்கு நாங்கள் வைக்கிற லாக் ஷீட்டேதான், இன்னும் அழகாக.

ஒன்றரை மாத ஊசிக்கு நானும் போனேன். புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையம், வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து அம்மாக்கள், ஆண் என்று பார்த்தால் நானும் ஆட்டோக்காரரும். அங்கிருந்த சிஸ்டர் அத்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா வந்து புடிங்க" என்றார். மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து, மற்ற கையால் முழங்காலைப் பிடிக்க வேண்டும். முதலில் வாயில் ரோட்டா, போலியோ சொட்டு. சப்புக்கொட்டினாள். அப்புறம் வலது மேல்கையில் தோலுக்குள் போலியோ ஊசி, வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி., இடது தொடையில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற பென்டா. முதல் ஊசிக்கு அவள் அழவில்லை, என்னை நம்பிப் பார்த்தாள். இரண்டாவதுக்கு அழுதாள். மூன்றாவதுக்கு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, மூச்சே வராமல் வாயைத் திறந்து, அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சத்தம். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தது, எடைக்குக் கணக்குப் போட்டு எழுதித் தந்த சொட்டு மருந்தைக் கொடுத்தோம். அந்தப் பொத்தான் அறுந்து எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

சரி, சேரலாமா? மனைவி அம்மா வீட்டுக்குப் போகிறாள், நீங்கள் வேறு ஊரில், கேட்க ஆள் இல்லை என்றால் இது மாதிரி ஒன்றில் சேருங்கள். சேர்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: பதிவுகள் எத்தனை மாதம் திறந்திருக்கும், குழுவில் செவிலியர் இருக்கிறாரா. மருத்துவரைவிட அந்தச் செவிலியர்தான் சரக்கு. வீட்டிலேயே அக்காவோ சித்தியோ நர்ஸாக இருந்தால் காசை மிச்சப்படுத்துங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்தத் தொப்புள்கொடி ஏஜென்ட் வராமல் இருந்திருந்தால் நான்கு.

ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. போன மாதம் சிஸ்டர் கூப்பிட்டு, புதிய பேட்ச்சில் பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டார், அம்மா வீட்டு விஷயத்தைப் பற்றி. பணம் வேண்டாம், எங்கள் பேட்ச்சுக்குப் பதிவுகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள் என்றேன். திறந்துவிட்டார்கள். ஞாயிறு எட்டு மணிக்கு மகளை மடியில் வைத்துக்கொண்டு, இந்த முறை ஹெட்போனோடு உட்கார்ந்தேன். நான் பேசத் தொடங்கும் முன்னால் அரிசிப் பாடம். 29 பேர். கரூர்க்காரப் பையன் ஒருவன், சின்ன வயசு, பையை ரொம்பத் தைரியமாக ஒரே கையால் தூக்கினான். தேங்காய் உருண்டு கேமராவுக்கு வெளியே போய், எதிலோ மோதுகிற சத்தம் கேட்டது. "டேய்!" என்று அவன் அம்மா உள்ளேயிருந்து கத்தினார்.